ஆடிக் காற்றும் கல்யாணப் பந்தலும்



ஆடி மாதம் நெருங்கும்போது நம் திருச்சி நகரில் ஒரு வேடிக்கையைக் காணலாம். ஆண்டு முழுவதும் இடம் கிடைக்காத கல்யாண மண்டபங்கள் காலியாகக் கிடக்கும். நாள் கேட்டுத் தொங்கவேண்டிய பந்தல்காரர்கள் வீடு தேடி வருவார்கள். சமையல்காரர்கள் கூலியைக் குறைத்துப் பேசுவார்கள். பிற சமயச் சகோதரர்கள் ஆடியில் திருமணம் வைப்பதில்லை. நமக்கோ அந்தத் தடை கிடையாது. எனவே, "ஆடியில் வைத்தால் செலவு குறையும்" என்று கணக்குப் போட்டு நிக்காஹ்வையும் வலீமாவையும் அந்த மாதத்திலேயே நிச்சயிக்கின்ற குடும்பங்கள் பாலக்கரையிலும் பீமநகரிலும் தென்னூரிலும் ஏராளம். அதில் தவறேதும் இல்லை. நாளும் மாதமும் எதுவும் நமக்குத் தீமை செய்வதில்லை. (ஸபர் மாதத்தில் திருமணம் கூடாது என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருப்போர் இதனைச் சற்று ஊன்றிப் படித்தால் நலம்.) ஆனால், மண்டபம் மலிவாகக் கிடைக்கும் அதே மாதத்தில் மற்றொன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. அதுதான் காற்று.

அம்மியையே பறக்க வைக்கும் என்று நம் முன்னோர் சொன்ன காற்று, நான்கு கம்பிகளின் மேல் கட்டிய ஷாமியானாத் துணியை மட்டும் விட்டுவைக்குமா?

இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மதில்போல் நின்று தடுக்கிறது. அந்த மதிலில் பாலக்காட்டுக்கு அருகில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்கு ஒரு கணவாய் இருக்கிறது. மலை முழுவதும் தடுத்து வைத்த காற்று அந்த ஒரு வாசல் வழியாகப் பாய்ந்து, கோவை, கரூர் வழியாகக் கிழக்கு நோக்கி வருகிறது. கரூரிலிருந்து திருச்சிவரை காவிரியின் அகன்ற படுகை. அதில் காற்றைத் தடுக்க மரமும் இல்லை, மாடியும் இல்லை. முக்கொம்பில் ஆறு காவிரியாகவும் கொள்ளிடமாகவும் பிரிகிறது. இரண்டிற்கும் நடுவே கிடக்கும் தீவுதான் திருவரங்கம். இருபுறமும் ஆற்றுவெளி இருப்பதால், மேல்காற்று அங்கே தங்குதடையின்றி வீசுகிறது. ஆற்றோரத்துத் தெருக்கள் அக்கரையிலும் சரி, இக்கரையில் சிந்தாமணி, ஓடத்துறைப் பக்கத்திலும் சரி, ஆனி, ஆடி மாதங்களில் மணலை வாரி முகத்தில் இறைப்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

திருவரங்கத்தின் சுற்று வீதிகளிலும் ஒரு வேறுபாடு உண்டு. வடக்கு வீதியும் தெற்கு வீதியும் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகின்றன. மேல்காற்று அவற்றினுள் குழாயில் புகுந்த நீர்போல் இழுத்துக்கொண்டு ஓடும். கிழக்கு, மேற்கு வீதிகள் குறுக்காக இருப்பதால், வீடுகளும் மதில்களும் ஓரளவு மறைப்பாக நிற்கும். எனினும் உயர்ந்த மதிலின் முனையில் காற்று சுழித்துத் திரும்பும். அந்தத் தெருமுனைதான் பந்தலுக்கு மிக ஆபத்தான இடம். நம் தெருவிலும் இதே கணக்குத்தான். தெரு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைப் பந்தல் போடுமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, மனத்தை விட்டு நீங்காத ஒரு சம்பவத்தைச் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் மஹல்லாவில் ஒரு வலீமா. வீட்டின் முன் தெருவை அடைத்து ஷாமியானா போட்டிருந்தார்கள். தார்ச்சாலை ஆதலால் குழி தோண்டவில்லை. தட்டு வைத்த இரும்புக் கால்களைச் சாலைமேல் நிறுத்தி, ஒரு பக்கக் கயிற்றை எதிர்வீட்டுச் சன்னலிலும், மறுபக்கக் கயிற்றை ஒரு குழாயிலும் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பெண்கள் பகுதியை மூன்று புறமும் திரைகட்டி மறைத்து, வாசலை மட்டும் மேற்கே திறந்து வைத்திருந்தனர். பிற்பகல் மூன்று மணிக்கு ஒரே ஒரு வீச்சு. திரைக்குள் புகுந்த காற்று வெளியேற வழியின்றி மேலே எழும்ப, கூரைத்துணி பாய்மரம்போல் புடைத்தது. கால்கள் இரண்டும் தரையை விட்டு எழுந்தன. அவற்றுள் ஒன்று, தெருவோரம் நடந்து சென்ற ஒரு முதியவரின் தோளில் விழுந்தது. அவர் விருந்துக்கு வந்தவரும் அல்லர், எங்கள் மஹல்லாவைச் சேர்ந்தவரும் அல்லர். கீரை விற்றுவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த ஏழை. தோள் எலும்பு முறிந்துவிட்டது.

மருத்துவச் செலவு யாருடையது என்ற கேள்வி அன்றிரவே பள்ளிவாசல் அறைக்கு வந்தது. மணமகன் தந்தை, "வாடகை கொடுத்தவன் நான், கட்டியவர் அவர்" என்றார். பந்தல்காரர் கைகூப்பி, "ஹஜரத், நான் ஒழுங்காகத்தான் கட்டினேன். காற்றுக்கு நான் என்ன செய்ய முடியும்? அது ஆண்டவன் அனுப்புவது அல்லவா?" என்றார். கூடியிருந்தோரில் சிலர், "ஆம், கத்ரு, யாரைக் குறை சொல்வது?" என்று தலையசைத்தனர்.

வாசகர்களே, இந்தத் தலையசைப்பைப் பற்றித்தான் இம்மாதம் எழுத எண்ணினேன். காற்று இறைவனின் ஆணைப்படி வீசுகிறது என்பதில் நமக்கு ஐயமில்லை. காற்றைத் திட்டாதீர்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அதன் நன்மையை இறைவனிடம் வேண்டவும், அதன் தீமையை விட்டுப் பாதுகாப்புத் தேடவும் கற்பித்திருக்கிறார்கள். ஆனால், ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டுத் தவக்குல் பேசிய மனிதரிடம், முதலில் கட்டு, பிறகு நம்பிக்கை வை என்று அறிவுறுத்தியதும் அதே நாயகம் அல்லவா? திர்மிதீயில் பதிவான இந்தச் செய்தியை நாம் மேடைதோறும் சொல்கிறோம். பந்தல் கால் என்று வரும்போது மட்டும் மறந்துவிடுகிறோம்.

மார்க்கச் சட்ட நூல்கள் இவ்விஷயத்தில் எவ்வளவு நுணுக்கமாகப் பேசுகின்றன என்பதை அறிந்தால் வியப்பீர்கள். ஹனபி மத்ஹபின் புகழ்பெற்ற சட்டநூலான ஹிதாயாவை நம் அரபிக் கல்லூரிகளில் மேல் வகுப்பு மாணவர்கள் ஓதுகிறார்கள். அதை இயற்றிய இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்கள் மறைந்தது ஹிஜ்ரி 593-இல், அதாவது கி.பி. 1197-இல். அந்நூலில், பொதுவழியில் ஒருவர் ஏற்படுத்தும் பொருள்களைப் பற்றித் தனியொரு பாடமே உண்டு. வழியை நோக்கி நீட்டப்பட்ட மாடம், நீர்த்தாரை, நிழற்கூரை ஆகியன விழுந்து வழிப்போக்கர் இறந்தால் ஈட்டுத்தொகைக்கு யார் பொறுப்பு என்று அப்பாடம் ஆராய்கிறது. நிழற்கூரைக்கு அரபியில் 'ளுல்லா' என்பார்கள். நம் ஷாமியானாவின் பாட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூலியாட்களை அமர்த்தி அதனைக் கட்டும்போது, வேலை முடியுமுன் விழுந்தால் பொறுப்பு கட்டுபவர்மேல். வேலை முடித்து ஒப்படைத்தபின் விழுந்தால் பொறுப்பு வீட்டுக்காரர்மேல் என்று அந்நூல் பிரித்துச் சொல்கிறது.

அதைவிடப் பொருத்தமான மற்றொரு சட்டமும் அங்கே இருக்கிறது. ஒருவர் வழியில் தீக்கங்கை வைக்கிறார். அது ஒன்றை எரித்துவிட்டால் அவர் பொறுப்பாளி. ஆனால் காற்று அந்தக் கங்கை வேறிடத்திற்குத் தள்ளிச் சென்று, அங்கே ஒன்றை எரித்துவிட்டால் அவர் பொறுப்பாளி அல்லர். காற்று அவருடைய செயலை அழித்துவிட்டது என்பது காரணம். இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் நம் பந்தல்காரரின் வாதம் வென்றுவிடும். ஆனால் உடனேயே வேறொரு கருத்தும் அங்கே பதிவாகியிருக்கிறது. அந்த நாளே காற்று வீசும் நாளாக இருந்தால் அவர் பொறுப்பாளிதான். ஏனெனில் விளைவை அறிந்துகொண்டே அதைச் செய்தார் என்பதே அக்கருத்து. எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. ஆடி மாதத்துத் திருச்சியைப் பார்த்துவிட்டு எழுதியதுபோல் இல்லையா?

சாய்ந்த சுவரைப் பற்றியும் அங்கே ஒரு பாடம் உண்டு. உன் சுவர் சாய்ந்திருக்கிறது, இடித்துவிடு என்று உரியவர்கள் எச்சரித்த பிறகு, அவகாசமிருந்தும் இடிக்காமல் விட்டவர், அது விழுந்தால் விளையும் சேதத்திற்குப் பொறுப்பாளி. கட்டும்போதே சாய்வாகக் கட்டியிருந்தாலோ எச்சரிக்கையே தேவையில்லை. ஷாபிஈ மத்ஹபிலும், வழிப்போக்கருக்கு இடையூறில்லாதபடி வழியின்மேல் மாடம் நீட்ட அனுமதியுண்டு. ஆனால் அதனால் சேதம் விளைந்தால் ஈடு கொடுக்கவேண்டும். அனுமதி வேறு, பொறுப்பு வேறு. காவல்நிலையத்தில் தெருவை அடைக்க அனுமதி வாங்கிவிட்டோம் என்பதால் பொறுப்பு நீங்கிவிடாது.

அன்றிரவு இவற்றை எடுத்துச் சொன்னேன். பந்தலின் பொருள் பந்தல்காரருடையதாகவே இருப்பதால், ஒப்படைத்துவிட்டேன் என்று அவர் முழுக்கக் கைகழுவ முடியாது. மேற்கே வாசல் வைக்கச் சொன்னவர் வீட்டுக்காரர் ஆதலால் அவரும் விலக முடியாது. இருவரும் ஸுல்ஹு செய்துகொண்டு செலவைப் பாதிப்பாதியாக ஏற்றார்கள். கீரை வியாபாரம் நின்றுபோன நாள்களுக்கும் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்று ஜமாஅத் பெரியவர் ஒருவர் வற்புறுத்தினார். அவருக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. முறையான ஃபத்வா வேண்டுவோர் முப்தியை அணுகவேண்டும். நான் சொன்னது சமாதானத்திற்கான வழி.

சரி, அந்தப் பந்தல் எழும்பாமல் இருக்க என்ன செய்திருக்கவேண்டும்? நான் கலைப் பட்டதாரி. பொறியியல் என் துறையன்று. ஆனால் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதுமான ஒரு கணக்கு இதில் இருக்கிறது. கட்டடப் பொறியாளர்கள் பயன்படுத்தும் விதியின்படி, காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் ஏழரைக் கிலோ எடையளவுக்கு அழுத்துகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் அது 30 கிலோவாகிவிடுகிறது. பதினைந்துக்குப் பதினைந்து அடி ஷாமியானா ஒன்றின் பரப்பு ஏறத்தாழ 21 சதுர மீட்டர். காற்று அடியில் சிக்கிக்கொண்டு முழு வேகத்தில் மேலே தள்ளினால், 40 கிலோமீட்டர் காற்றுக்கு 155 கிலோ, 60 கிலோமீட்டருக்கு 350 கிலோ, 80 கிலோமீட்டருக்கு 630 கிலோ! ஒரு இரும்புக் கால் எத்தனை கிலோ இருக்கும்? பத்து இருக்குமா? நான்கு காலும் சேர்ந்து நாற்பது. மீதியை யார் பிடிப்பது?

இது தோராயக் கணக்குத்தான். துணியின் சரிவும் திறப்பும் அதைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். ஆயினும் ஒன்று விளங்குகிறது. சிமெண்ட் சாக்கில் முழுவதும் மணல் நிரப்பினால் சுமார் 50 கிலோ வரும். காலுக்கு ஒரு மூட்டை வைத்துக் கட்டினால் 40 கிலோமீட்டர் காற்றைத் தாங்கும். காலுக்கு இரண்டு மூட்டை வைத்தால் 60 கிலோமீட்டரைத் தாங்கலாம். அதற்குமேல் மூட்டையை நம்புவது வீண். துணியை இறக்குவதே வழி. 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பினால் 200 கிலோ. விருந்துக்கு எப்படியும் தண்ணீர் டிரம் வரவழைக்கிறோம். அதனைக் கால்களுக்கு அருகில் நிறுத்திக் கட்டிவிட்டால் இரண்டு வேலை முடிகிறது. ஆனால் அந்தத் தண்ணீரைக் கைகழுவத் திறந்துவிட்டால் பந்தலின் பிடியும் சேர்ந்து ஒழுகிப்போகும் என்பதை நினைவில் வையுங்கள்!

நிரந்தரக் கட்டடங்களுக்கு நம் நாட்டின் தரநிர்ணய விதிநூல் ஊர்தோறும் ஓர் அடிப்படைக் காற்றுவேகத்தை வகுத்திருக்கிறது. திருச்சிக்கு அது வினாடிக்கு 47 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 169 கிலோமீட்டர். மதுரைக்கும் கோவைக்கும் 39 மீட்டர்தான். கடலிலிருந்து தள்ளியிருக்கிறோம், நமக்கென்ன புயல் என்று திருச்சிக்காரர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் இடையே கரையேறிய கஜா புயல், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களைச் சூறையாடிவிட்டு, நம் மாவட்டத்து மணப்பாறைப் பக்கம்வரை வந்து போனதை அவர்கள் மறந்திருப்பார்கள்.

மண் தரையாக இருந்தால் கதை வேறு. சவுக்குக் கம்பையோ மூங்கிலையோ இரண்டடி ஆழம் குழிதோண்டி நட்டு, கல்லும் மண்ணும் போட்டுக் கடப்பாரையால் இடித்துக் கெட்டித்தால், அந்தக் கால் எளிதில் எழும்பாது. பழைய பந்தல்காரர்கள் அப்படித்தான் செய்தார்கள். திருவரங்கம் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் நிலையான கற்றூண்கள் 953 என்றும், வைகுண்ட ஏகாதசிக்கு மரக்கால்கள் நட்டு ஆயிரமாக்குவார்கள் என்றும் சொல்வர். கால் நடுவதை ஒரு சடங்காகவே போற்றிய ஊர் இது. இன்று நாமோ தட்டுக்காலைத் தாரின்மேல் வைத்துவிட்டு, அதையும் பந்தல் என்கிறோம்.

இழுகயிற்றை எங்கே கட்டுவது? மின்கம்பத்தில் கட்டவே கூடாது. அது உயிரோடு விளையாடுவது. அண்டைவீட்டுக் கைப்பிடிச் சுவரும், தண்ணீர்க் குழாயும், நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிளும் கயிறு கட்டும் இடங்கள் அல்ல. முளையை பந்தலுக்கு வெளிப்புறமாகச் சாய்த்து அடித்து, கயிறு தரையோடு சரிபாதிச் சாய்வில் இறங்கும்படி கட்டவேண்டும். செங்குத்தாக இறங்கும் கயிறு பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது. நைலான் கயிறு நனைந்தால் நெகிழும், முடிச்சும் வழுக்கும். பருத்திக் கயிறு நனைந்தால் இறுகும். எனவே எந்தக் கயிறானாலும் மழை பெய்தபின் ஒருமுறை சுற்றிவந்து பார்ப்பதற்கென்று ஓர் ஆளை நியமித்துவிடுங்கள். மருமகனின் நண்பர்கள் பத்துப்பேர் சும்மாதானே நிற்கிறார்கள்!

தாய்மார்களும் சகோதரிகளும் கவனிக்கவேண்டிய செய்தி பெண்கள் பகுதியின் திரை. அந்த வலீமாவில் பந்தலைத் தூக்கியது கூரையன்று, திரைதான். காற்று வரும் திசை திறந்து, போகும் திசை மூடியிருந்தால், அந்தப் பகுதி ஒரு பை ஆகிவிடுகிறது. ஆகவே ஆடி மாதத்தில் பெண்கள் பகுதியின் வாசலை மேற்கில் வைக்காதீர்கள். கிழக்கிலோ வடக்கிலோ வையுங்கள். திரையைக் கூரைவரை இழுத்துத் தைத்ததுபோல் கட்டாமல், மேலே ஓரடி இடைவெளி விட்டால் காற்று வெளியேறிவிடும். மறைவுக்கும் குறைவில்லை, நின்றால் தலைக்குமேல் இருக்கும் உயரம்தானே போதும்? அரபு நாட்டுப் பதூவி மக்கள் ஆட்டுமயிரால் நெய்த கறுப்புக் கூடாரங்களைத் தாழ்வாகவும் அகலமாகவும் அடித்து, நீண்ட கயிறுகளால் இழுத்துக் கட்டி, முதுகைக் காற்றுக்குக் காட்டி வாசலை மறுபுறம் வைப்பார்கள். அண்ணலார் (ஸல்) அவர்களுக்கு இறுதி ஹஜ்ஜின்போது நமிராவில் அடிக்கப்பட்டிருந்ததும் மயிரால் நெய்த கூடாரம்தான் என்று ஹதீஸில் காண்கிறோம். பாலைவனத்துப் பாட்டிமார்களுக்குத் தெரிந்த பாடம் நமக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

கூடாரமும் காற்றும் என்றதும் ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டின் அகழ்ப்போர் நினைவுக்கு வராமல் இருக்காது. மதீனாவை முற்றுகையிட்டுப் பாசறை அமைத்திருந்த பெரும்படையின்மேல் ஒரு குளிர்ந்த இரவில் சூறைக்காற்று வீசியது. கூடாரங்கள் பிடுங்கப்பட்டன. தேக்சாக்கள் கவிழ்ந்தன. அடுப்புகள் அணைந்தன. உளவறிய அனுப்பப்பட்ட ஹுதைபா (ரலி) அவர்கள் அந்த அலங்கோலத்தைக் கண்ணால் கண்டு திரும்பினார்கள். விடிவதற்குள் படை கலைந்துவிட்டது. திருமறையின் 33-ஆம் அத்தியாயமாகிய அஹ்ஸாப் சூராவின் 9-ஆம் வசனம் இந்தக் காற்றைத்தான் அல்லாஹ்வின் அருட்கொடையாக நினைவூட்டுகிறது. வாளால் கலைக்க முடியாத படையைக் கலைத்தது ஒரு காற்று. அதன் வலிமையைத் திருமறை ஓதுகிற சமுதாயம் குறைத்து மதிக்கலாகாது.

காற்றோடு நெருப்பும் சேர்ந்தால் என்னவாகும் என்பதையும் நம் காலத்திலேயே கண்டோம். 1997 ஏப்ரல் 15, துல்ஹஜ் பிறை 8. மினாவில் சமையல் எரிவாயுவினால் மூண்ட தீயைப் பலத்த காற்று கூடாரத்திற்குக் கூடாரம் கொண்டு சென்றது. ஏறத்தாழ 70,000 கூடாரங்கள் எரிந்தன. அரசுக் கணக்கின்படி 343 ஹாஜிகள் ஷஹீதானார்கள். நம் இந்திய நாட்டவரும் அவர்களில் பலர். அதன் பிறகே பருத்திக் கூடாரங்கள் நீக்கப்பட்டு, டெஃப்லான் பூசிய கண்ணாடியிழைக் கூடாரங்கள் அங்கே நிலையாக அமைக்கப்பட்டன. இன்று ஹஜ்ஜுக்குச் செல்வோர் பார்க்கும் வெண்ணிற நகரம் அந்தத் துயரத்திலிருந்து எழுந்தது.

நம் ஊரின் துயரம் 2004 ஜனவரி 23. திருவரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் கீற்றுக்கூரையின் கீழ் நடந்த திருமணத்தில் தீப்பற்றியது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்று மண்டபத்தைச் சுற்றி எழுந்த ஓலம் காவிரியின் இக்கரையில் இருந்தவர்களையும் கலங்க வைத்தது. கீற்றுப் பந்தல் காற்றுக்கு நல்லது என்பது உண்மை. காற்று கீற்றின் இடுக்குகளில் புகுந்து போய்விடுவதால், துணிபோல் புடைத்து எழும்புவதில்லை. ஆனால் நெருப்புக்கு அது விறகு. துணி காற்றுக்கு எதிரி. தகரம் கழன்றால் கத்தி. ஆக, எல்லாவற்றிற்கும் பொருத்தமான கூரை என்று ஒன்று இல்லை. மாடியில் கீற்று வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. மாடியில் காற்றின் வேகமும் அதிகம், தப்பும் வழியும் ஒன்றே.

பிரியாணி அடுப்பை எங்கே வைப்பது என்பதும் இதில் அடங்கும். மேல்காற்று காலத்தில் அடுப்பு பந்தலுக்குக் கிழக்கே, தள்ளி இருக்கவேண்டும். மேற்கே வைத்தால் பொறியும் புகையும் விருந்தாளிகளின்மேல் வரும். சமையல்காரர் நிழலுக்காக அதே பந்தலின் ஓரத்தில் ஒதுங்க விரும்புவார். அவருக்குத் தகரத் தடுப்பு ஒன்று தனியாகக் கொடுத்துவிடுங்கள்.

மழைநீரையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். அதே பதினைந்தடித் துணியில் ஓர் அங்குல மழை தேங்கினால் 500 லிட்டருக்குமேல், அதாவது அரை டன். நடுக்காலை உயர்த்தி, ஒரு பக்கத்தைத் தாழ்த்திக் கட்டினால் நீர் வழிந்தோடும்.

எப்போது இறக்குவது? காலையிலேயே வானிலை அறிக்கையைப் பாருங்கள். இப்போது கைபேசியிலேயே வந்துவிடுகிறது. அதைவிட நம்பகமான கருவி தெருவிலேயே இருக்கிறது. புழுதியும் காகிதமும் எழும்பிப் பறந்தால் காற்று 20 முதல் 28 கிலோமீட்டர், கயிறுகளைச் சரிபார்க்கலாம். பெரிய கிளைகள் அசைந்து, குடை பிடிப்பது கடினமானால் 40-ஐத் தாண்டிவிட்டது. திரைகளை அவிழ்த்து, பந்தலின் கீழிருப்போரை வீட்டுக்குள் அனுப்பவேண்டும். முழுமரமும் ஆடி, எதிர்காற்றில் நடக்கச் சிரமமானால் 50-க்கு மேல். கூரைத்துணி அதற்கு முன்பே தரைக்கு வந்திருக்கவேண்டும். சித்திரை, வைகாசியில் கோடைமழைக்கு முன் வரும் சூறை இன்னும் மோசம். நாளெல்லாம் இறுக்கமாக இருந்துவிட்டு, மேகம் கறுத்து, திடீரென்று குளிர்ந்த காற்று முகத்தில் பட்டால், உங்களுக்கு இருப்பது சில நிமிடங்களே. வரிசை முக்கியம். முதலில் பக்கத்திரைகள், பிறகு காற்று வரும் பக்கத்து ஓரம், அதன்பின் மறுபக்கம், கால்கள் கடைசி. காற்று போகும் பக்கத்தை முதலில் அவிழ்த்தால், துணி கொடியாகிப் பறந்து கம்பிகளைச் சுழற்றும்.

நாகூர் கந்தூரிக்கும் மற்ற ஊர்களுக்கும் வேன் எடுத்துச் செல்லும் குடும்பங்கள், வழியில் மரத்தடியில் நிறுத்தி, வேனின் கூரைக் கம்பியில் தார்ப்பாயைக் கட்டி, மறுமுனையை இரண்டு மூங்கிலில் நிறுத்திச் சமைத்து உண்பது வழக்கம். மேலைநாடுகளில் வீட்டைப் போலவே அமைந்த வண்டிகளில் சுருட்டி விரிக்கும் நிழற்கூரையே பொருத்தியிருக்கிறார்கள். காற்று எழும்பினால் சுருட்டிவிடு, ஆளில்லாமல் விரித்து வைக்காதே என்பது அங்கும் முதல் விதி. நம் தார்ப்பாய்க்கும் அது பொருந்தும். வேனை மேற்கில் நிறுத்தி, தார்ப்பாயை அதன் கிழக்குப் பக்கம் இறக்குங்கள். வேனே மதிலாக நிற்கும். ஒரு மூலையை மற்றதைவிடத் தாழ்த்திக் கட்டுங்கள். தொழப் போகும்போதும், ஸியாரத்துக்குச் செல்லும்போதும், இரவு உறங்குமுன்னும் அவிழ்த்து மடித்துவிடுங்கள். ஓட்டுநர் வண்டியைக் கிளப்புமுன், கயிறு எல்லாம் கழற்றியாயிற்றா என்று ஒருவர் சுற்றிவந்து பார்த்துச் சொல்லட்டும். மூங்கிலையும் இழுத்துக்கொண்டு வேன் புறப்பட்ட கதைகள் ஊருக்கு ஊர் உண்டு.

எங்கள் மஹல்லாவில் இப்போது ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. பள்ளிவாசல் கொட்டடியில் மணல் நிரப்பிய சாக்குகள் இருபத்து நான்கு அடுக்கி வைத்திருக்கிறார்கள். தெருவில் பந்தல் போடுவோர் வாங்கிச் சென்று, முடிந்ததும் கொண்டுவந்து வைத்துவிடவேண்டும். வாடகை இல்லை. சாக்கு கிழிந்தால் மட்டும் புதுச்சாக்கு வாங்கிக் கொடுக்கவேண்டும். அந்தப் பழைய பந்தல்காரரே முதல் தவணை மணலை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்.